நெடும் புதினமும் நெடிய பொறுமையும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களில், வீடு எத்துணைச் சிறிதாயினும், நாலைந்து தடித்த தமிழ்ப் புதினங்கள் இல்லாமற் போவதில்லை. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் பாத்திரம் பண்டங்களோடு அவையும் மூட்டை கட்டப்பட்டு ஊர் ஊராய் வருகின்றன. ஆனால் அவற்றை முதலிலிருந்து இறுதிவரை படித்து முடித்தவர் எத்தனை பேர் எனக் கேட்டால், விடை சற்றுத் தயக்கத்தோடுதான் வரும். ‘முதற்பாகம் படித்தாயிற்று; இரண்டாம் பாகத்தில் பாதி நிற்கிறது’ என்பார் பலர். ‘கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நகர மாட்டேன் என்கிறது’ என்பார் சிலர்.

இத்திணறலுக்கு வாசகரின் சோம்பலைக் காரணமாகக் காட்டுவது எளிது. காலை முதல் மாலைவரை அலுவலகக் கோப்புகளில் கண்ணையும் கருத்தையும் செலுத்திவிட்டு, நெரிசல் மிகுந்த பேருந்தில் வீடு திரும்பும் நம்மைப் போன்றோருக்கு, இரவில் ஆயிரம் பக்கப் புதினத்தைத் திறக்கும்போது இமை தாழ்வது இயல்பே. எனினும் இதே உழைப்பும் இதே களைப்பும் முந்தைய தலைமுறைக்கும் இருந்தன. அவர்கள் படித்து முடித்த நூல்களை நாம் முடிக்க இயலாமல் நிற்பதன் காரணத்தை அறிய, நெடுங்கதை நம்மிடையே எவ்வாறு பிறந்தது, எந்த அளவில் பகுத்துத் தரப்பட்டது, எவ்வாறு நுகரப்பட்டது என்னும் வரலாற்றைச் சற்றே நோக்குவது நலம்.

செவிவழி வந்த நெடுங்கதை

நீண்ட கதை தமிழர்க்குப் புதிதன்று. கம்பர் பெருமான் பதினாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களில் ஆறு காண்டங்களாக இராமகாதையை விரித்தார். வில்லிபுத்தூரார் பாரதமும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்டது. இவற்றை நம் முன்னோர் பெரும்பாலோர் கையில் ஏந்திப் படித்தவரல்லர், கேட்டவர். தமிழகத்தின் வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் பிரசங்கம் பல நாட்கள் தொடர்ந்து நடைபெறும். பகலில் பிரசங்கி சொல்லக் கேட்ட கதையை இரவில் கூத்தாகக் காண்பர். இறுதியில் தீமிதியோடு விழா நிறைவுறும். இராமாயணம் படிக்கும் வீடுகளிலும் கோயில்களிலும் பட்டாபிஷேகத்தன்று பாயசத்தோடு படலம் முடியும்.

இம்மரபில் மூன்று செய்திகள் நம் கருத்துக்குரியன. முதலாவது, கதையின் நடையைக் கேட்போர் தீர்மானிப்பதில்லை, சொல்வோரே தீர்மானித்தார். ஒரு பாட்டுக்கு ஒரு நாழிகை விரிவுரை சொன்னாலும் அவையோர் அமர்ந்திருந்தனர். இரண்டாவது, ஒரு நாள் வர இயலாதவர் மறுநாள் வந்து அமர்ந்தால் கதை அவரைக் கைவிடவில்லை. அடுத்திருப்பவர் நடந்ததைச் சொல்லிவிடுவார். மூன்றாவது, முடிவு என்பது ஒரு கூட்டு நிகழ்ச்சி. ஊரே சேர்ந்து தொடங்கியதை ஊரே சேர்ந்து முடித்தது. தனியொருவர் ஓர் அறையில் அமர்ந்து வாய்திறவாமல் நெடுங்கதை ஒன்றை முடிப்பது என்னும் பழக்கம், நம் நெடிய வரலாற்றில் மிக அண்மைக் காலத்தது.

அச்சில் வந்த புதினம்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சாயிற்று. தமிழின் முதற்புதினம் எனப் போற்றப்படும் அந்நூலில் மையக் கதையைவிடக் கிளைக்கதைகளே மிகுதி. கதைக்கு நடுவே நீதிகளும், நகைச்சுவைத் துணுக்குகளும், வழக்காடல்களும் வந்துகொண்டே இருக்கும். இன்றைய வாசகர் இதனைத் தடை எனக் கருதலாம். ஆனால் பிரசங்கம் கேட்டுப் பழகிய செவிகளுக்காக எழுதிய ஒருவர் வேறு எவ்வாறு எழுதியிருக்க இயலும்? பிரசங்கத்தின் இடைப்பிறவரல்கள் அச்சில் ஏறிய வடிவமே அது எனலாம்.

அடுத்து வந்த பி. ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’, ‘விவேக சிந்தாமணி’ என்னும் இதழில் 1893 முதல் 1895 வரை தொடர்ந்து வெளிவந்து, 1896இல் நூலாயிற்று. நூலாகப் பார்க்கையில் அது பெரிய புத்தகமன்று. ஆயினும் அதன் முதல் வாசகர்கள் அதனைப் படித்து முடிக்க ஏறத்தாழ ஈராண்டுகள் எடுத்துக்கொண்டனர். முத்துசாமி ஐயரும் கமலாம்பாளும் அவ்வீராண்டுகளும் அவர்களது வாழ்வின் ஓரத்தில் குடியிருந்தனர். இன்று ஒரு வார விடுமுறையில் அதனைப் படிப்பவர்க்குக் கிட்டும் அனுபவமும், அன்று மாதந்தோறும் காத்திருந்து படித்தவர்க்குக் கிட்டிய அனுபவமும் ஒன்றாகா.

படிப்போர் முடிக்க இயலாத நூல்களைப் பற்றிப் பேசும்போது, படைத்தோர் முடிக்க இயலாத நூல்களையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அ. மாதவையா தமது ‘பத்மாவதி சரித்திரத்தின்’ முதலிரு பாகங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்டார். கால் நூற்றாண்டு கழித்துத் தாம் நடத்திய ‘பஞ்சாமிர்தம்’ இதழில் மூன்றாம் பாகத்தைத் தொடங்கினார். 1925இல் அவர் மறைந்தபோது அது நிறைவுறாமல் நின்றது. பாரதியாரின் ‘சந்திரிகையின் கதை’யும் அவ்வாறே முடிவுறாது போயிற்று. 1954 டிசம்பர் 5ஆம் நாள் கல்கி மறைந்தபோது ‘அமரதாரா’ தொடர்ந்து வெளிவந்துகொண்டிருந்தது. அவருடைய மகள் ஆனந்தி அதனை நிறைவு செய்தார். முடிக்கப்படாத கதைக்காக ஏங்கிய வாசகர் ஒரு காலத்தில் இருந்தனர். முடிந்த கதையை முடிக்க இயலாத வாசகராக நாம் இருக்கிறோம்.

பிற நாடுகளில்

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய ‘கிளாரிசா’ ஏழு தொகுதிகளாக 1747, 1748ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. முழுவதும் கடிதங்களாலேயே அமைந்த நூல். ரிச்சர்ட்சனைக் கதைக்காகப் படிக்கத் தொடங்கினால் பொறுமையிழந்து தூக்கிட்டுக்கொள்ள நேரும், உணர்ச்சிக்காகவே அவரைப் படிக்க வேண்டும் என்னும் பொருள்பட டாக்டர் ஜான்சன் கூறியதை அவருடைய வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்துள்ளார். நெடும் புதினத்தின் முன் வாசகர் திணறிய வரலாறு, நெடும் புதினத்தின் வரலாற்றைப் போலவே பழையது.

டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ இதற்கு இன்னொரு சான்று. முதற்பகுதிகள் ‘1805’ என்னும் பெயரில் ஓர் உருசிய இதழில் 1865இல் வெளிவரத் தொடங்கின. நூல் முழுமை பெற்றது 1869இல். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாந்தர். வரலாறு குறித்த நீண்ட ஆராய்ச்சிகள். உயர்குடியினர் பேசும் பிரெஞ்சு உரையாடல்கள். இவை வாசகர்க்குச் சுமையாவதை ஆசிரியரே உணர்ந்தார் போலும். 1873ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரெஞ்சுப் பகுதிகளை உருசிய மொழியில் தந்தார். தத்துவ ஆராய்ச்சிகளைப் பிரித்துப் பின்னிணைப்பாக வைத்தார். பிற்காலப் பதிப்புகளில் அவை மீண்டும் தத்தம் இடத்தை அடைந்தன. உலகின் தலைசிறந்த புதினத்தைப் படைத்தவரே அதன் நடை குறித்து ஐயுற்றார் என்றால், அதன் நடுவே நின்று மூச்சு வாங்கும் வாசகர் நாணமுற வேண்டுவதில்லை. ‘தினமணி’யின் முதல் ஆசிரியராக விளங்கிய டி. எஸ். சொக்கலிங்கம் இப்பெருநூலைப் ‘போரும் வாழ்வும்’ எனத் தமிழாக்கித் தந்தார். அவரது உழைப்பின் அளவை எண்ணினாலே அதனைத் திறந்து பார்க்கும் கடமை நமக்கு உண்டு எனத் தோன்றும்.

வார இதழ்களின் பொற்காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ் நெடும் புதினம் வார இதழ்களின் மடியில் வளர்ந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29இல் ‘கல்கி’யில் தொடங்கி 1954 மே 16இல் முடிந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். ஓவியர் மணியம் வரைந்த சித்திரங்களோடு மூன்றரை ஆண்டுகள் அது தமிழர் இல்லந்தோறும் வாரம் ஒருமுறை விருந்தாளியாக வந்து சென்றது. வாரத்திற்கு ஓர் அத்தியாயம் அல்லது இரண்டு; அதற்குமேல் எவர்க்கும் கிடையாது. செல்வர்க்கும் எளியவர்க்கும், விரைந்து படிப்பவர்க்கும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்க்கும் ஒரே அளவுதான்.

டில்லியின் கரோல்பாகிலும், மும்பையின் மாதுங்காவிலும் வாழ்ந்த தமிழர்க்கு இதழ் சில நாட்கள் பிந்தியே வந்து சேர்ந்தது. ஒரு வீட்டில் வாங்கிய இதழ் நாலு வீடுகளுக்குச் சென்றது. வீட்டினுள்ளும் யார் முதலில் படிப்பது என்னும் பூசல் எழும். அதனைத் தீர்க்க ஒருவர் உரக்கப் படிக்க, காய்கறி நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ ஏனையோர் கேட்பர். அடுத்த இதழ் வரும்வரை நந்தினியின் எண்ணம் யாது, ஆதித்த கரிகாலன் கடம்பூர் செல்வானா என்னும் வாதங்கள் அடுக்களையிலும் திண்ணையிலும் நிகழ்ந்தன. பாரதப் பிரசங்கத்தின் அவை கலைந்துவிடவில்லை. வார இதழைச் சுற்றி அது மறுபடியும் கூடியது என்றே சொல்ல வேண்டும்.

கதை முடிந்ததும் தாய்மார்கள் தொடரின் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தித் தைத்து, அட்டை போட்டு வைத்தனர். அத்தொகுப்புகளில் கதைப் பக்கத்தின் மறுபுறம் பாதி நகைச்சுவைத் துணுக்கும், பழைய விளம்பரங்களும் இருக்கும். வெளிமாநிலம் புறப்பட்ட மகளுக்குச் சீர்வரிசையோடு அதனையும் கொடுத்தனுப்பிய குடும்பங்கள் உண்டு. அச்சகத்தார் வெளியிட்ட பதிப்பைவிட அதற்கு மதிப்பு மிகுதி.

தளர்ச்சி எங்கே பிறக்கிறது

இவ்வாறு வாரவாரமாய்ப் பகுத்து வழங்கப்பட்ட ஒன்று, ஐந்து தொகுதிகளாய் ஒரே நாளில் கைக்கு வரும்போதுதான் இடர் தொடங்குகிறது. தொடர்கதை ஆசிரியர், சென்ற மாதம் படித்ததை வாசகர் மறந்திருப்பார் என அறிந்தவர். ஆகவே நடந்ததை நினைவூட்டுவார். ஒரு பாத்திரத்தின் இயல்பை மீண்டும் எடுத்துரைப்பார். ஒவ்வோர் இதழின் இறுதியிலும் ஓர் ஐயத்தை நிறுத்துவார். வாரம் ஒருமுறை படித்தவர்க்கு இவை கைவிளக்காயின. ஒரே மூச்சில் படிப்பவர்க்கோ இவை கூறியது கூறலாய்த் தோன்றுகின்றன. ஒரு திங்களுக்குரிய உணவை ஒரே பந்தியில் பரிமாறினால் அதன் சுவை குன்றுவது சமைத்தவர் குற்றமாகாது.

இன்னொரு காரணமும் உண்டு. கல்கியின் ‘அலை ஓசை’ 1948, 1949ஆம் ஆண்டுகளில் தொடராக வந்து, அவர் மறைவுக்குப் பின் 1956இல் சாகித்திய அகாதெமியின் பரிசு பெற்றது. பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என நான்கு பாகங்கள். வெளிமாநிலத் தமிழர்க்கு இதனினும் நெருங்கிய புதினம் அரிது. இராஜம்பேட்டை என்னும் சிற்றூரின் தபால் நிலையத்தில் தொடங்கும் கதை, பம்பாயில் வளர்ந்த சீதையையும், புதுடில்லியில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் சௌந்தரராகவனையும் பின்பற்றி வடக்கே செல்கிறது. 1934ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கம் முதல் நாட்டுப் பிரிவினையும் காந்தியடிகளின் மறைவும் வரையிலான பதினான்கு ஆண்டுகளை அது தன்னுள் அடக்குகிறது.

இதனைத் தொடராகப் படித்தவர்கள் அப்பதினான்கு ஆண்டுகளையும் தாமே வாழ்ந்து கடந்தவர்கள். அரசியல் பேச்சு ஒன்று கதையில் வந்தால், அதற்குரிய அச்சமும் ஆர்வமும் அவர்கள் நெஞ்சில் ஏற்கெனவே இருந்தன. பிரிவினையின்போது டில்லியில் குவிந்த அகதிகளைக் கண்ணால் கண்ட தமிழரும் அவர்களில் இருந்தனர். ஆசிரியர் ஒரு சொல் சொன்னால் வாசகர் நினைவு நூறு சொற்களை நிரப்பியது. நமக்கு அந்நினைவு இல்லை. எனவே அவர்களுக்கு விரைந்தோடிய பக்கங்கள் நமக்கு ஊர்ந்து செல்கின்றன. நூலின் நடை மாறவில்லை. அதற்கு நாம் கொண்டுவரும் முதல் குறைந்துவிட்டது. அம்முதலை ஓரளவு ஈட்டிக்கொள்ள வழியுண்டு. அக்கால வரலாற்றை ஒரு சிறு நூலிலேனும் படித்துவிட்டு ‘அலை ஓசை’யைத் திறப்பவர், அதே பக்கங்கள் விரைவு கொள்வதைக் காண்பார்.

நீட்டலும் நிதானமும்

நீண்ட நூல் எல்லாம் நல்ல நூல் என நாம் வாதிட வரவில்லை. இதழின் விற்பனைக்காகக் கதையை இழுத்த தொடர்களும் இருந்தன. பல்லாண்டுகள் டில்லியில் வாழ்ந்த திறனாய்வாளர் க. நா. சுப்ரமண்யம், தொடர்கதை முறையால் தமிழ்ப் புதினம் கெட்டதெனக் கடுமையாகவே சாடினார். ஆனால் அவரே நார்வே நாட்டு எழுத்தாளர் நட் ஹாம்சனின் புதினத்தை ‘நிலவளம்’ எனத் தமிழில் தந்தவர். தரிசு நிலத்தைத் திருத்தி வாழும் ஓர் உழவனின் கதை அது. பயிர் வளரும் வேகத்தில்தான் அதுவும் வளரும். கதையை நீட்டுவதை வெறுத்தவர் நிதானத்தை மதித்தார். இவ்விரண்டும் வேறு என்பதற்கு அவர் தேர்வே சான்று.

நிதானத்தின் பயனை நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நன்கு காட்டும். 1968இல் வெளிவந்த அப்புதினத்தில் இரணியல் பகுதிச் செட்டியார் சமூகத்தின் பேச்சும், சடங்கும், உறவுமுறையும் வழுவாது பதிவாகியுள்ளன. முதல் ஐம்பது பக்கங்கள் அவ்வட்டார வழக்கு அறியாதவர்க்குக் கடினமே. அதன்பின் உண்ணாமலை ஆச்சியின் குரல் காதில் விழத் தொடங்கும். பின்னர் அக்குரலுக்காகவே பக்கங்களைப் புரட்டுவோம். விரைந்து ஓடும் கதை எதுவும் அக்குரலை நமக்குத் தந்திராது.

‘எழுத்து’ இதழை 1959இல் தொடங்கிய சி. சு. செல்லப்பாவின் ‘சுதந்திர தாகம்’ இன்னும் கடினமான சோதனை. விடுதலைப் போரில் சிறை சென்ற அவர், முதிய வயதில், மூன்று பாகங்களாய், ஆயிரத்து ஐந்நூறு பக்கங்களைக் கடந்து அதனை எழுதித் தாமே வெளியிட்டார். 1998 டிசம்பரில் அவர் மறைந்தார். 2001ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்கு அளிக்கப்பட்டது. புகழ் பெற்ற தலைவர்களை விடுத்துச் சாதாரண மனிதர்களின் நாட்களை அடுக்கிச் செல்லும் நூல் அது. விடுதலை ஒரு நாளில் வந்ததன்று. எண்ணற்ற எளியோரின் எண்ணற்ற நாட்களால் வந்தது. அதனைச் சொல்லப் புகுந்தவர் அந்நாட்களின் நீளத்தை வாசகரும் உணருமாறு எழுதினார் எனக் கொள்வதே பொருந்தும்.

நெடுங்கதைக்குக் காலம் போய்விட்டது என்பாரும் உளர். ஆனால் 2014 சனவரி முதல் 2020 சூலை வரை ஜெயமோகன் ‘வெண்முரசு’ என்னும் பெயரில் மகாபாரதத்தை 26 புதினங்களாக, இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக எழுதி முடித்தார். உலகின் பல மூலைகளிலிருந்து தமிழர் அதனை அன்றன்று படித்தனர். பாரதப் பிரசங்கமும் வார இதழும் கற்பித்த பாடம் அங்கும் மெய்யாயிற்று: பகுத்துத் தந்தால் எத்துணை நீளமும் தாங்கும்.

நாம் செய்யத்தக்கது

வரலாறு காட்டும் வழி எளிது. நெடும் புதினத்திற்கு அதற்குரிய கால அளவைத் திருப்பித் தருவோம். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்றால் ‘பொன்னியின் செல்வன்’ பத்துத் திங்களுக்குள் முடியும். ‘போரும் அமைதியும்’ 361 அத்தியாயங்கள், ஓராண்டில் முடியும். மூன்றரை ஆண்டுகள் காத்திருந்து படித்தவரின் மக்களாகிய நமக்கு இது பெரிய தவமன்று.

படிப்பதையும் உரக்கப் படிப்போம். நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுவர், கேட்டால் விளங்கிக்கொள்வர், ஆனால் எழுத்தைக் கண்டால் தயங்குவர். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் கற்று, மூன்றாவதாக ஒரு மொழிக்கும் இடம் தந்தபின் தமிழெழுத்துக்கு நேரம் எஞ்சுவதில்லை. அப்பிள்ளைகளின் கையில் ஐந்து தொகுதிகளைக் கொடுப்பதால் பயனில்லை. அவர்கள் காதில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் படிக்கலாம். பாட்டி படிக்கட்டும்; அல்லது தந்தை அலுவலகம் விட்டு வந்தபின் படிக்கட்டும். அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவல் மிகுந்தால், ஒரு நாள் அப்பிள்ளை தானே எழுத்துக் கூட்டிப் பார்க்கும். நம் முன்னோரில் பலர் எழுத்தறிவு பெற்றதும் அவ்வழியில்தான்.

ஊருக்கொரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கு நூலகமும் இருக்கிறது. பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுவதோடு, திங்கள்தோறும் ஒரு மாலை கூடி, ஒரு நெடும் புதினத்தின் ஒரு பகுதியைப் படித்துப் பேசலாம். வர இயலாதவர்க்கு அடுத்திருப்பவர் கதை சொல்லட்டும். இறுதி அத்தியாயம் முடியும் நாளில் பட்டாபிஷேகத்திற்குச் செய்தது போலப் பாயசமும் வழங்கலாம்.

இது நூல் ஒன்றை முடிப்பது பற்றிய செய்தி மட்டுமன்று. தாய் தைத்து வைத்த தொகுப்பு மகளிடம் வந்தது. மகளிடமிருந்து அது யாரிடம் செல்லும்? படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை நாமாகிவிட்டால், அலமாரியில் இருப்பது வெறும் தாள் அடுக்காகும். அடுத்த மாற்றலின்போது அது மூட்டையில் ஏறாது. நாம் படித்து முடிக்கும் ஒவ்வொரு நெடும் புதினமும், நம் வீட்டில் தமிழ் இன்னும் ஓராண்டு ஒலித்தது என்பதற்குச் சான்றாகும். இன்றிரவே முதல் அத்தியாயத்தைத் தொடங்குவோம்.